போருக்குப் போகாத விமானங்கள்

முதலாளியின் மேசையில் அந்த விமானத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, அவர் அதை முன்பக்கம் பின்பக்கம் மாற்றி ஒட்டிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கரும்பச்சை நிறம், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. மூக்கின் இரு பக்கமும் குட்டியாக இரண்டு இறக்கைகள் இருந்தன. பெரிய இறக்கைகள் பின்னால் தள்ளி இருந்தன. விசிறி சுழல வேண்டிய இடத்தில் மூக்கு மொட்டையாக நீண்டிருக்க, விசிறி வால்பக்கத்தில் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல், "முதலாளி, காத்தாடிய தப்பா பின்னுக்கு ஒட்டிட்டீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "தப்பா ஒட்டினது நானில்ல புள்ள. ஜப்பான்காரன் அப்பிடித்தான் செஞ்சான். செஞ்சு பறக்கவும் விட்டான். நீ போய் அந்தக் கொப்பியெல்லாம் அடுக்கு."

ஹட்டன் டவுனில் பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது எங்கள் கடை. கொப்பி, பென்சில், பள்ளிக்கூடப் பை, பிறந்தநாள் பலூன், பாலன் பிறக்கும் நத்தார் காலத்தில் நட்சத்திரம், புத்தருக்கு வெசாக் காலத்தில் விளக்குக் கூடு கட்டும் வண்ணத்தாள், தீபாவளிக்கு வாழ்த்து அட்டை என்று எல்லாச் சாமிக்கும் சாமான் விற்கிற கடை. நான் தலவாக்கலை பஸ் பாதையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் வருவேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பல்கலைக்கழகத்துக்குப் போதாத பெறுபேறோடு வீட்டில் இருந்த என்னை, மாதா கோயிலில் பாடல் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர்தான் இந்தக் கடையில் சேர்த்துவிட்டார். "ஆளு கோவக்காரரு. ஆனா நியாயக்காரரு" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். இரண்டும் உண்மை. மொத்த வியாபாரி அனுப்பிய கொப்பிகளில் தாள் குறைந்தால் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிட்டு, ஒரு மாதம் கொப்பியே இல்லாமல் கடை நடத்துவார். நகரசபைக்காரர் வாசலில் நின்று பேசினால் உள்ளே வந்து பேசச் சொல்வார். உள்ளே வந்து பேசினால் குரலைத் தாழ்த்தச் சொல்வார். அவரைப் பற்றி எழுதும்போது சாந்தமான, அன்பே உருவான ஒரு மனிதரைப் பற்றி எழுதுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அவரோடு வேலை செய்த வருடங்களில் நான் வாங்கிய ஏச்சு, அம்மாவிடம் வாங்கியதைவிட அதிகம்.

விமானங்கள் கடைக்கு வந்த கதையும் அவருடைய பிடிவாதத்தின் கதைதான். கொழும்பில் ஒரு இறக்குமதிக்காரர், விலைபோகாமல் கிடந்த மாடல் பெட்டிகளை வேறு சாமான்களோடு சேர்த்து முதலாளியின் தலையில் கட்டிவிட்டார். எல்லாம் இரண்டாம் உலக யுத்த காலத்து விமானங்கள். ஆனால் சினிமாவில் வருகிற, எல்லோருக்கும் தெரிந்த விமானங்கள் அல்ல. பரிசோதனைக்கென்று கொஞ்சம் மட்டும் செய்து, பறக்கவிட்டுப் பார்த்து, போருக்கு அனுப்பும் முன்பே கைவிடப்பட்டவை. வாலே இல்லாமல் வௌவால்போல் விரிந்த அமெரிக்க விமானம் ஒன்று. முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு விசிறி வைத்த ஜெர்மன் விமானம் ஒன்று. தெரியாத விமானத்தை யார் வாங்குவார்கள்? பெட்டிகள் மாதக்கணக்கில் தூசி பிடித்துக் கிடந்தன. ஒரு மழை நாளில் சலிப்பில் ஒரு பெட்டியைத் திறந்தாராம். ஒரு சட்டத்தில் பூவும் மொட்டும்போல ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் துண்டுகளைக் கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, அரத்தால் தேய்த்து, பசை வைத்து, சாயம் பூசி, தண்ணீரில் நனைத்துக் குறிகளை ஒட்டி முடித்தபோது, அந்தப் பெட்டிகளை விற்கும் எண்ணமே அவருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு கொழும்புக்குப் போகும்போதெல்லாம் அப்படிப்பட்ட விமானமாகத் தேடி வாங்கிவந்தார்.

பிற்பகலில் கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில், பின்பக்க அறையின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஒட்டுவார். எனக்கு அதில் ஒன்றையும் அவர் கற்றுத்தரவில்லை. தொடக்கூட விட்டதில்லை. வாலில்லாத விமானத்தைத் தூசி தட்டப் போன ஒரு நாள் அவர் போட்ட சத்தத்தில் முன்னால் நின்ற வாடிக்கையாளர் பயந்து வெளியே போய்விட்டார். மற்றவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. பேரப்பிள்ளை கண்ட மனிதர் பிளாஸ்டிக் பிளேன் வைத்து விளையாடுகிறார் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஏன் இந்தப் பெயர் தெரியாத விமானங்கள் மட்டும் என்று நான் ஒருமுறை கேட்டேன். தூரிகையை விமானத்திலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார். "சண்டையில ஜெயிச்சதெல்லாம் எல்லாரும் செய்வாங்க. இதுகள் சண்டைக்கெண்டு செஞ்சதுதான். ஆனா ஒரு மனுசனையும் கொல்லல்ல. பறந்திச்சு, அவ்வளவுதான். அது போதாதா?"

பிறகு அந்த உயிர்த்த ஞாயிறு வந்தது. நாங்கள் தோட்டத்துச் சின்னக் கோயிலில் பூசை முடிந்து வெளியே நின்றுகொண்டிருந்தபோது தொலைபேசிகள் ஒவ்வொன்றாக அழத் தொடங்கின. கொழும்பிலும் வேறு ஊர்களிலும் கோயில்களில் குண்டு வெடித்திருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். யார் எந்தக் கோயிலுக்குப் போனார்கள் என்று தெரியாமல் தாய்மார் கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். என் மாமன் மகள் அன்று காய்ச்சலாகப் படுத்திருந்ததால் பூசைக்குப் போகவில்லை. அந்த ஒரு செய்தி வரும்வரை நாங்கள் பட்ட பாட்டை என்னால் எழுத முடியாது. அந்த வேதனை எங்களுடையது. அதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஊரடங்கை எடுத்து, கடைகள் மெல்லத் திறந்தபோது அம்மா என் பையை எடுத்து ஒளித்துவைத்தார். "அந்த முஸ்லிம் கடைக்கு இனி போக வேணாம். குண்டு வச்சவங்க அவங்க ஆளுங்கதான்னு லயத்துல எல்லாரும் பேசுறாங்க. சனம் என்னா நெனைக்கும்?"

"முதலாளியா குண்டு வச்சாரு?"

"நான் அப்பிடிச் சொன்னேனா? இப்ப போகாதன்னுதான் சொல்றேன்."

"இப்ப போகலன்னா அப்பறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டும்மா போவேன்?"

அம்மாவுக்குக் கோபம் வந்தது. பையைத் தரவில்லை. நான் பஸ் காசை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வெறுங்கையோடு போனேன். பஸ்ஸில், எங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்த ஒரு பெண் எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள். டவுனில் அதைவிட மோசம். வருடக்கணக்கில் எங்களிடம் கொப்பி வாங்கியவர்கள் எங்கள் கடைக்கு முன்னால் வரும்போது பாதையைக் கடந்து அந்தப் பக்கத்தால் நடந்தார்கள். முதலாளி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, கடந்து போகிற ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி வணக்கம் வைத்தார். பதில் வந்தாலும் வராவிட்டாலும் வைத்தார். என்னைக் கண்டதும், "பிந்திட்டாய். உள்ளுக்குப் போய்க் கூட்டு" என்றார். நான் வந்ததைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

சோதனைக்கு வந்தவர்கள் ஒரு காலை நேரத்தில் வந்தார்கள். பொலிஸும் ஆமியும். ஒவ்வொரு கடையும் சோதனைக்குள்ளான காலம்தான். ஆனால் இவர்கள் நேராகப் பின்பக்க அறைக்குப் போனார்கள். பின்னால் இருந்து பிளேன் செய்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அறையில் இருந்ததை நானே அன்று அவர்களுடைய கண்களால் பார்த்தேன். கூர்மையான சின்னக் கத்திகள், பசை, சாயம் கரைக்கிற எண்ணெய், ஜப்பான் எழுத்துள்ள பெட்டிகள், ஒரு விமானத்தை நூறு துண்டாகப் பிரித்து அம்புக்குறியும் இலக்கமும் போட்டுக் காட்டுகிற படங்கள். பயந்துபோன ஒரு நாட்டுக்கு அது போதும்.

பொறுப்பாக வந்த அதிகாரி கெட்டவர் அல்ல. கரும்பச்சை விமானத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும். "செல்லம் படு த?" என்று கேட்டார். விளையாட்டுச் சாமானா என்று அர்த்தம். அது கேள்விகூட இல்லை; திறந்துவிட்ட ஒரு கதவு. ஆமாம் என்றால் போதும், பெட்டிகளை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். நான் முதலாளியைப் பார்த்தேன்.

"இல்லை ஐயா" என்றார் முதலாளி, சுத்தமான சிங்களத்தில். "விளையாட்டுச் சாமான் முன் கடையில் இருக்கிறது, விற்பனைக்கு. இது மாடல். உண்மையான போர் விமானத்தின் சரியான அளவு, எழுபத்திரண்டில் ஒரு பங்கு."

'உண்மையான போர் விமானம்' என்ற சொல்தான் அந்த அறையில் நின்றது. அதிகாரியின் முகம் மாறியது. இன்னும் இரண்டு கேள்வி. முதலாளியிடமிருந்து இன்னும் இரண்டு நேரான பதில். அத்தனை விமானங்களையும், படங்களையும், கத்திகளையும் ஒரு அட்டைப் பெட்டிக்குள் அள்ளிப்போட்டு அவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும் முன் அவர் சத்தம் போட்டார். தன்னை ஏற்றியதற்காக அல்ல. பெட்டியைத் தூக்கிப் போட்டதற்காக.

அவசரகாலச் சட்டம் இருந்த நாட்கள். இன்று விடுவார்கள், நாளை விடுவார்கள் என்று வாரங்கள் போயின. அவருடைய மனைவியை நான் மாமி என்று கூப்பிடுவேன். மாமி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "கடைய மூடிருவோம் மகள். அவர் வந்த பொறகு பாப்பம்" என்று அழுதார். எனக்கு ஏன் அவ்வளவு ரோசம் வந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு போய்க் கடையைத் திறந்தேன். பாதிக் கதவை அல்ல, முழுக் கதவையும். மேசைக்குப் பின்னால் என் கழுத்துச் சிலுவை தெரிய உட்கார்ந்தேன். ஒருவன் பாதையில் நின்று, "ஒனக்கு வெக்கமில்லையா?" என்று கத்தினான். "என்னத்துக்கு வெக்கப்படணும்? கொப்பி விக்கிறேன்" என்று நானும் கத்தினேன்.

முதல் இரண்டு நாள் ஈ, காக்கைகூட வரவில்லை. மூன்றாம் நாள் சிஸ்டர் வந்தார். ஆறுதல் சொல்ல வந்தார் என்று நினைத்து என் கண் கலங்கத் தயாரானது. அவரோ வழக்கம்போல வண்ணத்தாளைக் கையில் எடுத்துப் பேரம் பேசத் தொடங்கினார். "போன நத்தாருக்கு மிஞ்சின தாளு. அதுக்கு இந்த வெலையா? ஒங்க முதலாளி இருந்தா இப்பிடிச் சொல்ல மாட்டாரு." உரத்த குரலில், பாதைக்குக் கேட்கும்படி, வெகுநேரம் பேரம் பேசினார். வெள்ளை உடுப்போடு ஒரு கன்னியாஸ்திரி அந்தக் கடையில் நின்று சண்டை பிடிப்பதை டவுனே பார்த்தது. மறுநாள் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேனை வாங்க வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் இன்னும் சிலர். அம்மா அந்த வார முடிவில் என் பையைத் திருப்பித் தந்தார், உள்ளே சோற்றுப் பார்சலோடு.

முதலாளி பிணையில் வந்தபோது சட்டை தொளதொளவென்று தொங்கியது. நான் சந்தோசப்படுவதற்குப் பதிலாக வெடித்துவிட்டேன். "ஒரு வார்த்த பொம்மைன்னு சொல்லியிருந்தா என்னா கொறஞ்சிருக்கும்? மாமி சாப்பிடாமக் கெடந்தாங்க."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. "இண்டைக்குப் பயத்துல இத பொம்மை எண்டு சொன்னா, நாளைக்கு வேற எத என்னண்டு சொல்லச் சொல்லுவாங்க? நான் ஒரு குத்தமும் செய்யல்ல புள்ள. குத்தம் செய்யாதவன் எதுக்கு சாமானுக்குப் பேர மாத்தோணும்?"

வழக்கு இழுத்தது. குற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முடித்துவைக்கத்தான் ஒரு வழி வேண்டியிருந்தது. அந்தப் பொருட்கள் வேண்டாம், அழித்துவிடலாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் அன்றோடு வழக்கு முடியும் என்று சட்டத்தரணி சொன்னார். மாமி கெஞ்சினார். கொழும்பிலிருந்து அவர்கள் மகள் தொலைபேசியில் கெஞ்சினார். "பிளாஸ்டிக்குக்காகவா வாப்பா?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. முதலாளி ஒவ்வொரு தவணைக்கும் வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நீதிமன்றத்துக்கு நடந்தே போனார். ஓட்டோவில் போகச் சொன்னால், "களவெடுத்தவன் ஒளிஞ்சு போவான். நான் ஏன்?" என்பார். டவுனின் நடுவால், தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டு போனார். எத்தனை தவணை என்று நான் எண்ணவில்லை. இடையில் ஒரு நத்தார் வந்து போனது.

கடைசித் தவணைக்கு நானும் போயிருந்தேன். நீதவான் ஒரு பெண். பொருட்களைத் தான் பார்க்க வேண்டும் என்றார். அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் பிரித்து வைத்தார்கள். அதுவரை முறைப்பாக நின்ற சட்டத்தரணிகளும் பொலிஸாரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். வரிசையாக நின்ற அந்த விசித்திரமான விமானங்கள் முன்னால் எல்லோருக்கும் கொஞ்ச நேரம் வயது குறைந்துவிட்டது. இப்படியான விமானங்களைத் தான் பார்த்ததே இல்லையே என்று நீதவான் கேட்டார். முதலாளி கூண்டில் நிமிர்ந்து நின்று சொன்னார்: "பார்த்திருக்க முடியாது அம்மணி. இவை போருக்கே போகவில்லை. செய்து பார்த்து நிறுத்திவிட்டார்கள். இவற்றால் ஒரு உயிரும் போகவில்லை. என்னாலும் போகவில்லை."

நீதவான் கொஞ்ச நேரம் ஏதோ எழுதினார். பிறகு வழக்கைத் தள்ளி, எல்லாப் பொருட்களையும் உரியவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். பொருட்களைப் பொறுப்பெடுக்கும் இடத்தில் முதலாளி பேனையை எடுக்காமல் ஒவ்வொரு விமானமாகப் பெட்டியிலிருந்து தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஜெர்மன் விமானத்தின் பின்விசிறி இல்லை. வௌவால் விமானத்தின் ஒரு இறக்கை முறிந்திருந்தது. "தரக்குள்ள முழுசா ஈந்திச்சு. இப்ப முறிஞ்சு ஈக்கி. அதையும் எழுதினாத்தான் கையெழுத்து" என்று என்னிடம் சொல்லிவிட்டு, முழுசாக இருந்தது இப்போது முறிந்திருக்கிறது என்று சிங்களத்திலும் சொன்னார். எழுதுவினைஞர் கெஞ்சினார், பிறகு கத்தினார், பிறகு யாரையோ கேட்கப் போனார். பின்னால் வரிசை நீண்டது. எங்களுக்குப் பின்னால் நின்ற வயதான சிங்களப் பெண் ஒருவர், தன் பையனின் மோட்டார் சைக்கிளை மீட்க வந்தவர், "அவர் சொல்வது சரிதானே, எழுதுங்களேன்" என்றார். கடைசியில் எழுதினார்கள். அதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். வெளியே வந்து படியில் இறங்கும்போது அவர் முகத்தில் கண்ட சிரிப்பை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

மறுநாள் அவர் செய்த முதல் வேலை, பின்பக்க அறையிலிருந்த மேசையைத் தூக்கி முன் கடைக்குக் கொண்டுவந்ததுதான். பாதையைப் பார்த்த கண்ணாடிக்கு நேர் பின்னால் போட்டு, பகல் வெளிச்சத்தில், போகிற வருகிற எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, முறிந்த இறக்கையை ஒட்டத் தொடங்கினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். சிரித்தவர்களும் நின்றார்கள். பாதையைக் கடந்து போனவர்களும் ஒரு நாள் இந்தப் பக்கம் வந்து நின்றார்கள். யாரிடமும் அவர் கணக்குத் தீர்க்கவில்லை. வணக்கம் வைத்தார், கொப்பி விற்றார், தாள் குறைந்த பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார், என்னை ஏசினார்.

நாட்டில் தாளுக்கும் எண்ணெய்க்கும் பஞ்சம் வந்த காலத்திலும் கடையை மூடாமல் வைத்திருந்தார். அதற்குப் பிறகுதான் ஒரு நாள், உடம்புக்கு முடியவில்லை என்று முதன்முதலாகச் சொன்னார். அந்த வருடமே போய்விட்டார். மாமியை மகள் கொழும்புக்கு அழைத்துக்கொண்டார். கடையை எனக்கு வாடகைக்குத் தந்தார்கள். விமானங்களைக் கொண்டுபோகச் சொன்னேன். "அது அங்கயே ஈக்கட்டும், வாப்பா கொண்டுவந்து வெச்ச எடம்" என்று மகள் சொன்னார். நான் இன்னும் ஒரு விமானம்கூட ஒட்டியதில்லை. எனக்கு அதில் ஆசையும் இல்லை, பொறுமையும் இல்லை. சனிக்கிழமைகளில் தூசி தட்டுகிறேன், இப்போது சத்தம் போட யாருமில்லாமல். நுவரெலியாவில் பழைய வெள்ளைக்காரத் துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியவர் அவற்றை வரவேற்பறைக்கு வாங்கிப்போக வந்தார். "விளையாட்டுச் சாமானுக்கு நல்ல விலை தருகிறேன்" என்றார். விளையாட்டுச் சாமான் முன் வரிசையில் இருக்கிறது என்று காட்டினேன். அவர் புரியாமல் போய்விட்டார்.

இப்போது கடைக்கு நல்ல வியாபாரம். எனக்கு நல்லது நினைக்கிறவர்கள் பலர் ஒரு யோசனை சொல்கிறார்கள். பலகையில் இன்னும் முதலாளியின் பெயர்தான் இருக்கிறது. கடை உன்னுடையது, உன் பெயரைப் போடு, ஒரு மாதா படத்தை மாட்டு, இன்னும் சனம் வரும் என்கிறார்கள். நான் போன மாதம் பலகைக்குப் புதுச் சாயம் அடித்தேன். அதே பெயரை, அதே மூன்று மொழியில், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி எழுதச் சொன்னேன். ஏணியில் நின்று எழுதிக்கொண்டிருந்தவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நான் பாதையில் நின்றபோது, குடையோடு போன ஒருவர் நின்று, என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"இது முஸ்லிம் கடையா, நம்ம ஆளுங்க கடையா?" என்று கேட்டார்.

"கடைங்க" என்றேன். "ஒங்களுக்கு என்னா வேணும்?"